வெள்ளத்தில் வந்தவரும் மேடையில் வந்தவரும்

1

நான் எழுதிக்கொடுத்த வார்த்தைகளை வைத்து என் அப்பா ஒரு பொய் சொன்னால், அந்தப் பொய்யில் எனக்கும் பங்கு உண்டா?

கட்சியின் பொதுக்குழு முடிந்த நாளிலிருந்து இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ரொட்டிக்கு வெண்ணெய் தடவும்போது, மகளைச் சைக்கிளின் பின்னால் உட்காரவைத்துப் பள்ளிக்கு மிதிக்கும்போது, நகராட்சி அலுவலகத்தில் எண் கூப்பிடும்வரை காத்திருக்கும்போது. ஒரு நாள் 'உண்டு' என்று தோன்றுகிறது, மறுநாள் 'எனக்கு எப்படி?' என்று தோன்றுகிறது.

நான் நெதர்லாந்தில் ஐந்தோவன் என்ற ஊரில் இருக்கிறேன். கணவர் பிரபுவின் வேலைக்காக வந்தோம். பிறந்தது விழுப்புரம், வாழ்க்கைப்பட்டது திண்டிவனம். இரண்டு வீடும் ஒரே கட்சி. எந்தக் கட்சி என்று எழுதப்போவதில்லை, தலைவர்களின் பெயர்களையும் எழுதப்போவதில்லை. எங்கள் வீடுகளில் 'கட்சி' என்றால் உலகத்திலேயே அது ஒன்றுதான். என் திருமணத்தில் தாலி எடுத்துக்கொடுத்தவர் அப்போதைய தலைவர். அவரைப் பழைய தலைவர் என்று சொல்கிறேன். 'பழைய' என்று எழுதும்போதே கை கொஞ்சம் தயங்குகிறது.

2

அப்பாவுக்கு விழுப்புரத்தில் மல்லாட்டை மண்டி, அதாவது நிலக்கடலை வியாபாரம். மூட்டையில் கைவிட்டு ஒரு பிடி எடுத்தால் ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடுவார். ஆனால் மைக் முன்னால் நிறுத்தினால் குரல் நடுங்கும், கையில் தாள் இருக்க வேண்டும். நான் பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோதிலிருந்து அந்தத் தாளை எழுதுகிறவள் நான்தான். பெரிய எழுத்தில் எழுதுவேன். மூச்சு விட வேண்டிய இடத்தில் ஒரு கோடு, கை தட்டுவார்கள் என்று நினைக்கும் இடத்தில் இரண்டு கோடு. இங்கே வந்த பிறகும் அது நிற்கவில்லை. கணினியில் அடித்து அனுப்புவேன், அவர் மண்டிக்குப் பக்கத்துக் கடையில் அச்செடுத்துக்கொள்வார்.

சட்டமன்றத் தேர்தலில் கட்சி தோற்றது. சாதாரணத் தோல்வி அல்ல, அப்பா நாள்கணக்கில் மண்டியைத் திறக்கவில்லை என்றார் அம்மா. தலைவர் பொறுப்பேற்று ராஜினாமா கடிதம் கொடுத்தார். எங்கள் கட்சியில் இதற்கு ஒரு முறை உண்டு. தலைவர் ராஜினாமா செய்வார், பொதுக்குழு கூடும், 'ஏற்க மாட்டோம்' என்று எல்லோரும் எழுந்து கத்துவார்கள். நான்கு பேர் உருக்கமாகப் பேசுவார்கள், இரண்டு பேர் அழுவார்கள், அவர் மறுபடி நாற்காலியில் உட்காருவார். நான் சிறுமியாக இருந்தபோது ஒரு முறை இப்படி நடந்து, தெருவெல்லாம் லட்டு கொடுத்தோம்.

ஆகவே அப்பா கூப்பிட்டபோது எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை.

"பாப்பா, பொதுக்குழுல நான் பேசணும்னு மாவட்டம் சொல்லிட்டாரு. நல்லா உருக்கமா எழுதிக் குடு." மாவட்டம் என்றால் மாவட்டச் செயலாளர்.

"உருக்கம் எதுக்குப்பா? ஏன் தோத்தோம்னு யாரும் கேக்க மாட்டாங்களா?"

"அதைக் கேக்கறதுக்கு வேற ஆளு இருக்குது. நாம அவரை உக்கார வெக்கணும். மல்லுக்கட்டியாவது உக்கார வெக்கணும். நம்ம வீட்டு வெள்ளத்தைப் போடு. அதைக் கேட்டா கல்லும் அழுதுடும்."

வெள்ளத்தைப் போட்டேன்.

3

அந்த மழைக்காலத்தில் நான் கைக்குழந்தையோடு அம்மா வீட்டில் இருந்தேன். பிரபு முன்பே இங்கு வந்துவிட்டிருந்தார். எங்களுக்கு விசா வரவில்லை, தூதரகம் ஒரு சான்றிதழில் இன்னொரு முத்திரை கேட்டிருந்தது. எங்கள் தெரு ஏரிக்கரையை ஒட்டியது. விடியும்போது கட்டிலின் கால்கள் தண்ணீரில் இருந்தன. கரண்ட் இல்லை, போன்கள் செத்துவிட்டன. மித்ரா மட்டும் ஒன்றும் தெரியாமல் கையைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

எங்கோ கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்த தலைவர், எங்கள் தெரு மாட்டிக்கொண்டது என்று கேள்விப்பட்டு வண்டியை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். பத்திரிகைக்காரர்கள் எல்லோரும் பாலத்தின் பக்கம் போயிருந்தார்கள், படம் எடுக்க ஆளில்லை. உதவி தேடிப் போயிருந்த அப்பா ஒரு கம்பால் தரையைத் தட்டிப் பார்த்துக்கொண்டே முன்னால் வந்தார். அவருக்குப் பின்னால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தலைவர். வாசலுக்கு வந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்: "குழந்தை எங்கே?"

மல்லாட்டை அள்ளும் அலுமினிய அன்னக்கூடையில் அம்மா ஒரு புடவையை மடித்துப் போட்டு மித்ராவைப் படுக்கவைத்தாள். அவர் அதைத் தோளுக்கு மேல் தூக்கிக்கொண்டார். "நீ என் சட்டையைப் பிடிச்சிக்கிட்டு வாம்மா. விட்டுடாதே" என்றார். பிடித்துக்கொண்டேன். வழியெல்லாம் அவர் மித்ராவோடு பேசிக்கொண்டே வந்தார். "தூங்கு ராஜாத்தி, இப்ப எழுந்தா நீ அழுவே, நானும் அழுவேன்" என்றார். மேட்டில் இருந்த பள்ளிக்கூடத்தில் எங்களை விட்டுவிட்டு, அம்மா கொடுத்த பாலில்லாத டீயை நின்றபடியே குடித்துவிட்டுப் போய்விட்டார்.

இப்போது அவர் இடத்துக்கு வந்திருக்கும் புதிய தலைவர் அன்றைக்கு எங்கே இருந்தார் என்று எனக்குத் தெரியாது. எங்கள் தெருவில் இல்லை. அது மட்டும் தெரியும்.

4

பொதுக்குழு சென்னைக்கு வெளியே ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. அங்கே காலை, எங்களுக்கு விடியற்காலை. சமையலறை மேசையில் டேப்லெட்டைச் சாய்த்து வைத்து நேரலையைப் போட்டேன். மித்ரா எழுந்து வந்து, ரொட்டிமேல் சாக்லேட் துகளைத் தூவிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்குத் தாத்தாவைப் பார்க்க வேண்டும்.

அப்பா புதுக் கரைவேட்டி கட்டியிருந்தார். முடியை வெட்டியிருந்தார். என் கோடுகளில் சரியாக மூச்சு விட்டார். வெள்ளம் வந்தது. அன்னக்கூடை வந்தது. 'ராஜாத்தி' வந்ததும் மண்டபமே எழுந்து கை தட்டியது. இரண்டு கோடு போட்ட இடம்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

முன்மொழிகிறவர்கள் பெயரைக் கடைசி வரியில்தான் சொல்வார்கள், அதுவரை 'அந்த மனிதர்' என்றே பேச வேண்டும். நான் எழுதியிருந்த கடைசி வரி, 'அப்படிப்பட்ட மனிதரே நம் தலைவராகத் தொடர வேண்டும்'. அதற்குப் பின் பழைய தலைவரின் பெயர். அப்பா தாளிலிருந்து கண்ணை எடுத்தார். 'அப்படிப்பட்ட மனிதரைத்தான் நாம் புதிய தலைவராக ஏற்க வேண்டும்' என்றார். இன்னொருவர் பெயரைச் சொன்னார்.

இணைப்பு தடுமாறிவிட்டதோ என்றுதான் முதலில் நினைத்தேன். கொஞ்சம் பின்னால் இழுத்து மறுபடி கேட்டேன். அதே பெயர்.

கேமரா அந்தப் புதியவர் பக்கம் திரும்பியது. அவர் சிரிக்கவில்லை. கண்ணை மூடி மெதுவாகத் தலையை ஆட்டினார், அந்தத் தண்ணீரின் குளிர் இன்னும் அவர் காலில் இருப்பதுபோல. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அப்பா சொன்னது ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த மனிதருக்குத் தெரியுமே, தான் வரவில்லை என்று!

மூன்றாவது வரிசையில் ஒருவர் எழுந்து நின்றார். பக்கத்தில் இருந்தவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். அது என் மாமனார்.

மித்ரா மெல்லுவதை நிறுத்தியிருந்தாள். அவள் இப்போது அவசரத்துக்கெல்லாம் டச்சில்தான் பேசுகிறாள். டச்சில் சொன்னாள்: "அம்மா, அது அவர் இல்லை." கல்யாண ஆல்பத்தில் பழைய தலைவரை அவளுக்குக் காட்டியிருக்கிறேன். தூங்குவதற்கு முன் அவள் தமிழில் கேட்கும் ஒரே கதை வெள்ளக் கதைதான். மற்றக் கதைகளை எல்லாம் டச்சிலேயே படித்துக்கொள்கிறாள்.

"தாத்தா மறந்துட்டாரா?" என்று தமிழில் கேட்டாள்.

"நேரமாச்சு, ஷூவைப் போடு" என்றேன். அன்றைக்கு அவள் டப்பாவில் வெறும் ரொட்டி போயிருந்தது. மாலையில் அவள் சொல்லித்தான் தெரியும்.

5

மறுநாள் அப்பா மண்டியில் இருந்தபோது கூப்பிட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்தார்.

"பாத்தியா பாப்பா? கைதட்டல் நின்னுச்சா? பேச்சையே நிறுத்திட்டு நிக்க வேண்டியதாப் போச்சு. மாவட்டம் வந்து கட்டிப் புடிச்சிக்கினாரு."

"அப்பா, மித்ராவைத் தூக்கினது அவராப்பா?"

பின்னால் மூட்டை இறங்கும் சத்தம் கேட்டது. யாரையோ 'ஓரமா அடுக்குய்யா' என்றார்.

"அரசியல்ல அப்டிலாம் கேக்கக் கூடாது."

"அரசியல் கேக்கலப்பா. என் பொண்ணைத் தூக்கினது யாருன்னு கேக்கறேன்."

"முந்தின நாளு கூப்ட்டு, ராஜினாமாவை ஏத்துக்கறதா முடிவாயிடுச்சு, பேரை மாத்திக்கன்னுட்டாங்க. எனக்கு வேற பேச்சு எழுதத் தெரியுமா? உன்னைக் கூப்டலாம்னு பாத்தேன், அங்க இன்னா மணியோ, கொழந்தை தூங்குமோன்னு உட்டுட்டேன்."

"பேரை மாத்தறப்ப அந்த வெள்ளத்தையாவது எடுத்திருக்கலாம்ல?"

"நல்லாச் சொன்ன போ! அதுக்குத்தானே கை தட்டினாங்க?"

பிறகு அவர் குரல் இறங்கியது. "இதோ பாரு. உள்ளாட்சித் தேர்தல் வருது. இந்த வார்டுல இத்தினி வருஷமா போஸ்டர் ஒட்டினவன் நானு, நின்னதெல்லாம் வேற ஆளுங்க. இந்த வாட்டியாவது எனக்குக் குடுக்கறேங்கறாங்க. தோத்தவரைப் புடிச்சிக்கினு நான் இன்னா பண்றது? அவரு பெரிய மனுசன், கோச்சிக்க மாட்டாரு."

பிறகு வீட்டில் அம்மாவைக் கூப்பிட்டபோது அவளுக்குச் சிரிப்பா கோபமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"ஏண்டி, தெரு முனையில ஃப்ளெக்ஸ் கட்டிக்கினு இருக்காங்க. புது ஆளு தண்ணியில நிக்கறாரு. கையில கொழந்தை. நம்ம மித்ரா இல்ல. எங்கியோ கம்ப்யூட்டர்ல புடிச்ச கொழந்தை, வெள்ளக்காரக் கொழந்தை கணக்கா கொழுகொழுன்னு கீது."

"நீ அப்பாவைக் கேக்கலியா?"

"கேட்டேன். 'சோத்தைப் போடு'ன்னாரு. போட்டேன். நான் டீ குடுத்தது யாருக்குன்னு எனக்குத் தெரியும். எதிர்வீட்டு மேரியக்காவுக்கும் தெரியும். ஆனா அதுவே இப்ப, ரெண்டு பேருமே வந்தாங்க போலக்குதுங்குது. அது புள்ளைக்கு முனிசிபாலிட்டில வேலை ஆவணும். நான் இன்னா பண்ணட்டும்? பழைய ஆளு நல்லவருதான். ஆனா உங்கப்பன்தானே எங்கூட இருக்குது."

அன்று முழுக்க எனக்கு என்மேலேயே சந்தேகம். இரண்டு பேரும் வந்திருப்பார்களோ? பயத்தில் நான்தான் பார்க்கவில்லையோ? நான் பிடித்திருந்தது யாருடைய சட்டை? திரும்பத் திரும்ப அந்தத் தண்ணீரில் நடந்து பார்த்தேன். முன்னால் அப்பாவின் முதுகு, நடுவில் அவர், பின்னால் நான், எனக்குப் பின்னால் அம்மா. வேறு யாரும் இல்லை.

6

குடியுரிமைத் தேர்வுக்காக நூலகத்தில் ஒரு டச்சு அம்மையாரிடம் பேச்சுப் பயிற்சி எடுக்கிறேன். அந்த வாரம் 'உங்களுக்கு நடந்த ஒன்றைச் சொல்லுங்கள்' என்றார். வேறு எதுவும் என் வாயில் வரவில்லை. வெள்ளத்தைச் சொன்னேன். டச்சில் மரியாதைக்கு 'அவர்' கிடையாது, தலைவரை 'அவன்' என்று சொல்ல மனம் வராமல் 'அவர்கள்' என்றே சொல்லிக்கொண்டு போனேன்.

"ஒரு குழந்தையைத் தூக்க எத்தனை ஆண்கள் வந்தார்கள்?" என்று கேட்டார்.

ஒருவர்தான், மரியாதைக்காக அப்படிச் சொன்னேன் என்றேன். அவர் சிரித்துவிட்டு, திருத்தி எழுதிக்கொள்ளச் சொன்னார். பிறகு இயல்பாக, "அவருக்கு நன்றி சொன்னாயா?" என்று கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன். அன்றைக்கு நடுங்கிக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் விசா வந்துவிட்டது. அந்தப் பேச்சை எழுதியபோதுதான் முதல்முறையாக அவருக்குச் சொல்ல வேண்டியதைச் சொன்னேன் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது புரிந்தது. அப்பா தூக்கி வேறொருவருக்குக் கொடுத்தது அதைத்தான்.

7

மாமனாருக்குத் திண்டிவனத்தில், ஒலக்கூர் போகும் சாலையில் உரக்கடை. எப்போதும் பிரபுவிடம்தான் பேசுவார். என்னிடம் பேசினால் மழையை விசாரித்துவிட்டு வைத்துவிடுவார். இந்த முறை மழையை விசாரிக்கவில்லை.

"பேச்சைக் கேட்டேம்மா. உன் எழுத்துதான். எந்த எடத்துல ஆளை நிறுத்தி மூச்சு வாங்க வெப்பேன்னு எனக்குத் தெரியும். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காத. கடைசி வரியும் உன்னுதா?"

"இல்ல மாமா. சத்தியமா இல்ல."

"அது போதும்" என்றார். ஆனால் போனை வைக்கவில்லை. "பெரியவரு மேடையில ஒண்ணுமே பேசலம்மா. வண்டியில ஏறப் போறப்ப என்னைக் கையாட்டிக் கூப்ட்டாரு. கட்சியைப் பத்தி ஏதோ சொல்லப் போறாருன்னு ஓடினேன். 'அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போகுதா?'ன்னு கேட்டாரு. 'போவுதுங்கய்யா'ன்னு கையெடுத்துக் கும்பிட்டேன்."

மாதக் கடைசியில் திண்டிவனத்தில் பழைய தலைவரின் ஆட்கள் ஒரு கூட்டம் போடுகிறார்கள். மாமனார்தான் முன்னின்று செய்கிறார். அதில் போட்டுக் காட்ட என்னிடமிருந்து ஒரு வீடியோ வேண்டும் என்றார்.

"உங்கப்பாவைத் திட்ட வேணாம். அவரு பேரே வேணாம். எம் பொண்ணைத் தூக்கிக்கினு வந்தவரு இவருதான்னு ஒரு வார்த்தை. அந்த மனுசன் ஆட்சி போயி, பதவி போயி நிக்கறாரு. செஞ்ச நல்லதையும் புடுங்கிக்கினா எப்டிம்மா?"

இந்தச் செய்தி எப்படியோ விழுப்புரத்துக்குப் போய்விட்டது. அப்பா கூப்பிட்டார்.

"அந்தத் திண்டிவனத்தாரு உன்னாண்ட வீடியோ கேட்டாரா?" கல்யாணத்திலிருந்து வாய் நிறைய 'சம்பந்தி' என்றுதான் சொல்வார். "நீ வாயத் தொறக்காத பாப்பா. அது வெளிய வந்தா வார்டும் போச்சு, மானமும் போச்சு. நான் அந்தத் தெருவுல நடக்கணும். உங்கம்மா நடக்கணும். உன்னாண்ட நான் வேற இன்னா கேட்டுட்டேன்?"

"அப்பா, நீங்க மனசறிஞ்சு சொல்லுங்க, அவருக்கு நாம..."

"மனசெல்லாம் அறிஞ்சுதான் கீது" என்றார். "அறிஞ்சுக்கினு இன்னா பண்றது?" அவர் குரல், தாள் இல்லாமல் மைக்கைப் பிடிக்கும்போது நடுங்குவதுபோல நடுங்கியது.

பிரபுவைக் கேட்டேன். "ரெண்டு பேரும் கட்சிக்காரங்க. நாளைக்கே ஒண்ணு சேர்ந்து ஒரே வேன்ல போவாங்க. நடுவுல நீ மாட்டிக்காத" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா எங்கப்பா எதையும் கேக்கறவர் இல்ல. கேட்டிருக்காரு" என்றார். பிறகு, "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். இது மூன்றையும் அவர் மனமாரத்தான் சொன்னார், அதனால் அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை.

8

மித்ராவைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து வீடியோ எடுத்தேன். முதலில் எடுத்ததில் அழுதுவிட்டேன். அழித்தேன். இரண்டாவதில் மேடைப் பேச்சுபோல இருந்தது, என்னை அறியாமல் கைதட்டலுக்கு இடம் விட்டிருந்தேன். அதையும் அழித்தேன். கடைசியில் எடுத்தது மிகச் சிறியது. என் பெயர், என் ஊர், வெள்ளம், அவர் பெயர், 'நன்றி ஐயா'. அவ்வளவுதான். அது என் போனில் இருக்கிறது.

அனுப்பினால், அறுபது வயதைத் தாண்டிய என் அப்பா, பிறந்து வளர்ந்த தெருவில் பொய்யர் என்று பேர் வாங்குவார், அதுவும் பெற்ற பெண்ணின் வாயால். அனுப்பாவிட்டால் அந்த ஃப்ளெக்ஸில் இருப்பதுதான் நடந்தது என்றாகிவிடும். மேரியக்கா சொல்வதை இன்னும் இரண்டு வருடத்தில் ஊரே சொல்லும், அம்மாவும் சொல்லலாம். மித்ரா கொஞ்சம் வளர்ந்து அந்த ஊருக்குப் போனால், அவளைத் தூக்கி வந்தவர் என்று யாரைக் காட்டுவார்கள்? என் தமிழை இப்போதே பாதிதான் கேட்கிறாள். நாளைக்கு என் கதையை நம்புவாளா, ஊர் கதையை நம்புவாளா?

இதை எழுதுவதே சரியா என்றும் தெரியவில்லை. பெயர்களை மறைத்திருக்கிறேன். தெரிந்தவர்களுக்குத் தெரிந்துவிடும். 'தூரத்தில் உட்கார்ந்துகொண்டு நீ பேசுவது சுலபம்' என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான், அந்தத் தெருவில் நடக்கப்போவது நான் இல்லை.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். கட்சி வீடுகளில் பிறந்த பெண்கள், கட்சி வீடுகளில் வாழ்க்கைப்பட்டவர்கள், இதைப் படிக்கும் அப்பாக்கள், யாராக இருந்தாலும் சொல்லுங்கள். மாதக் கடைசிக்கு இன்னும் நாள் இருக்கிறது. அனுப்ப வேண்டாம் என்று நினைத்தால் காரணத்தோடு சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். அனுப்பத்தான் வேண்டும் என்று நினைத்தால் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: திண்டிவனத்துக்கு அனுப்புவதற்கு முன்னால் அதை அப்பாவுக்குப் போட்டுக் காட்ட வேண்டுமா, வேண்டாமா? காட்டினால், அவர் பார்த்து முடிக்கும்வரை நான் போனில் இருக்க வேண்டுமா, வைத்துவிட வேண்டுமா?